வெயிலா ஏன் தண்ணீரைக் கொட்டினாள்

காடையூரணி
12.1.2005

தம்பி இசக்கிராஜாவுக்கு அக்கா உமாதேவி எழுதுவது.

இங்கே அப்பா, உன் அத்தான், பிரித்திகா மூன்று பேரும் சுகம். நான் சுகமாக இல்லை. உன் பொங்கல் பார்சல் வந்ததிலிருந்து சுகமாக இல்லை.

சேலை சரி, அப்பாவுக்கு வேட்டி சரி. நடுவில் ஒரு படத்தைச் சுருட்டி வைத்திருந்தாயே, அதை யார் கேட்டார்கள்? 'எங்கள் கம்பெனி செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டில் இவள்தான் வில்லி, முழுக்க நான் வரைந்தது, பெயர் வெயிலா, வீட்டில் ஒட்டி வையுங்கள்' என்று பெருமையாக ஒரு சீட்டு வேறு. சுருளைப் பிரித்ததும் பிரித்திகா சொன்னாள்: "யம்மா, இது வெயிலுகந்தா ஆச்சில்லா?"

பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிகிறது. தலையில் ஆட்டுக்கொம்பு, விரலுக்கு விரல் கத்தி நகம், வயிறு தெரிய ஒரு உடுப்பு. ஆனால் அந்த நாடி யாருடையது? நாடியில் இருக்கிற மச்சம் யாருடையது? நம் அம்மாவுடன் பிறந்த சித்தியை, ஐம்பத்தெட்டு வயசுக்காரியை இப்படி உரித்து நிறுத்தியிருக்கிறாய். பெயரைக்கூட விடவில்லை. வெயிலுகந்தம்மாளைப் பாதியில் நறுக்கி வெயிலா.

இவளை வெட்டிக் கொன்றால்தான் விளையாட்டில் ஜெயிக்கலாமாமே. படத்தை அடுப்பில் வைத்துவிட்டேன். போனில் கேட்டிருப்பேன், போன் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதில் எழுது.

உன் அக்கா,
உமா


பெங்களூர்
24.1.2005

அக்காவுக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். அப்பாவுக்கு மூட்டு வலி எப்படி?

ஒரு மாத வேலையை அடுப்பில் வைத்தாய். இருக்கட்டும். அந்த விளையாட்டின் கதையைச் சொல்கிறேன், நீயே சொல். ஒரு நாடு வறண்டு கிடக்கிறது. ஒரே ஒரு ஊற்றில்தான் தண்ணீர். அதை ஒரு சூனியக்காரி பிடித்து வைத்துக்கொண்டு, சனங்கள் நாக்கு வறண்டு பார்த்து நிற்க, மண்ணில் கொட்டி வீணாக்குகிறாள். விளையாடுகிறவன் ஏழு மலை தாண்டிப் போய் அவளைக் கொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு யார் ஞாபகம் வரும்?

1987 கோடையை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஊரணி வற்றிப் போச்சு. சித்தி கிணற்றில் மட்டும்தான் தண்ணீர். "காலையில எல்லாரும் வந்து எடுத்துக்கோங்க" என்று முந்தின நாள் அவளே சொன்னாள். குடத்தோடு போனால் ஆயில் இன்ஜினை ஓடவிட்டு, ஒரு செடி இல்லாத காட்டில் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டு நிற்கிறாள். மூன்று நாள் கொட்டினாள். வாய்க்காலில் குனிந்து ஒரு கை அள்ளினேன். மண்வெட்டிக் காம்பால் நெற்றியில் போட்டாள். எனக்கு ஒன்பது வயசு. தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் காம்பைத்தான் வெயிலாவின் கையில் செங்கோலாகக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஆபீசில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உயரம், ஆயுதம், பலவீனம், நோக்கம். நோக்கம் என்கிற கட்டத்தில் 'பேராசை' என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

இசக்கிராஜா


காடையூரணி
6.2.2005

தம்பிக்கு,

எல்லாரும் இருக்கிறோம்.

பேராசை என்று எழுதினாயா? வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன், பிரித்திகா பக்கத்தில் இருந்து படிக்கிறாள்.

தண்ணீருக்குப் பேராசைப்படுகிறவள் அதை எதற்கடா கொட்டுகிறாள்? பூட்டி வைப்பாளே, வாங்குகிறவனுக்கு விற்பாளே. மூன்று நாள் சோறு தின்னாமல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்றாள், அவள் காட்டிலும் ஒன்றும் விளையவில்லை. இதில் என்ன பேராசை? படித்தவன் நீ, உனக்கு ஒரு கேள்வி வரவில்லை. தழும்பை மட்டும் தடவிக்கொண்டிருந்தாய்.

அவளுக்கு இந்த ஊரில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ஒரு குடம் தண்ணீர் காளியம்மன் குளிக்கப் போகிறதே, பதினெட்டு வருசமாக அவள் கிணற்றுத் தண்ணீர் மட்டும் போவதில்லை. அம்மா சாகும்வரை தங்கச்சியிடம் பேசவில்லை. பாடையின் பின்னால் அவள் ஒரு பர்லாங் தள்ளி நடந்து வந்தாள். அதை நீயும் பார்த்தாய்.

அவள் முகத்தை எடு. பெயரை எடு.

உமா


பெங்களூர்
20.3.2005

அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வாரம் எழுதவில்லை. கோபம்தான் காரணம், ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லப்போவதில்லை.

ஆனால் உன் கேள்வி என்னை விடவில்லை. பேராசைக்காரி எதற்குக் கொட்டுகிறாள்? டீம் லீடரிடம் இதையே கேட்டேன். சிரித்தார். "காரணம் சொன்னால் ஆடுகிறவனுக்குக் கை தயங்கும். தயங்கினால் எழுந்து போய்விடுவான்" என்றார். போன விளையாட்டில் வந்த ஆண் அரக்கனுக்கு மட்டும் எரிந்துபோன ஊர், செத்துப்போன தம்பி என்று ஐந்து நிமிசப் படம் வைத்தோமே என்றேன். "அவன் அரசன். பொம்பளை வில்லிக்கு ரெண்டு காரணம் போதும். ஒன்று அழகு போன பொறாமை, இல்லையென்றால் எவனோ கைவிட்ட கோபம். எது வேண்டுமோ எடுத்துக்கொள்" என்றார்.

ஆனால் என்னிடம் வேறு காரணம் இல்லையே அக்கா. சும்மா அவள் நல்லவள் என்று நான் எப்படி வாதாடுவது? உனக்கு ஏதோ தெரியும். தெரிந்தால் சொல். ஆகஸ்டில் விளையாட்டு வெளியே போய்விடும். ஜூன் முடிவதற்குள் மாற்றினால்தான் உண்டு.

இசக்கி


காடையூரணி
2.5.2005

தம்பிக்கு,

வெயில் கொளுத்துகிறது. அப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது எழுந்து நடமாடுகிறார்.

உன் கடிதத்துக்கு மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையாவது கிழிக்காமல் தபாலில் போட வேண்டும்.

அந்தக் கிணற்றில் மருந்து இருந்தது. பருத்திக்கு அடிக்கிற மருந்து. ஊருக்குத் தண்ணீர் தருவதாகச் சித்தி சொன்ன அன்று ராத்திரி யாரோ கொண்டுபோய் ஊற்றிவிட்டார்கள். விடிகாலையில் அவளுடைய ஆடு இரண்டு தொட்டியில் குடித்து நுரை தள்ளிச் செத்தன. அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள், வாடை அடித்தது. அதற்குள் ஊர் குடத்தோடு வர ஆரம்பித்துவிட்டது. அவள் இன்ஜினைத் தட்டிவிட்டுக் கையில் காம்போடு நின்றாள். அவ்வளவு தண்ணீரையும் இறைத்து வெளியே விடுகிறவரை ஒருவரையும் கிட்டே விடவில்லை. செத்த ஆட்டையும் அவளே அடித்துக் கொன்றாள் என்று ஊர் சொன்னது.

நீ அள்ளிய ஒரு கைத் தண்ணீர் வாய்க்குப் போயிருந்தால் இன்றைக்குப் பெங்களூரில் உட்கார்ந்து கொம்பு வரைந்துகொண்டிருக்க மாட்டாய்.

இதற்கு மேல் கேட்காதே.

உமா


பெங்களூர்
9.5.2005

அக்கா,

சுகம் விசாரிக்க இப்போது முடியவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் நின்றேன். நெற்றியைப் பார்த்தேன். பதினெட்டு வருசமாக இந்தத் தழும்பைக் காட்டிக் காட்டி அவளைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் சொன்னேன், இங்கே சொன்னேன். சொல்லிச் சொல்லித்தான் அந்த வில்லியே பிறந்தாள்.

மருந்து இருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் ஊர் அவளைக் கும்பிட்டிருக்குமே. ஏன் சொல்லவில்லை? சொன்னால் 'யார் ஊற்றியது' என்று கேட்பார்கள். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. யாரையோ காப்பாற்ற நின்றிருக்கிறாள்.

நீ 'யாரோ' என்று எழுதியிருக்கிறாய். கோழி காணாமல் போனால்கூட ஆள் பேரோடு சொல்கிறவள் நீ. யார் அக்கா?

இசக்கி


காடையூரணி
30.5.2005

தம்பிக்கு,

அப்பா.

கிணற்றுத் தோட்டம் அம்மாவின் அப்பா வைத்துப் போனது. புருசன் செத்து, பிள்ளையும் இல்லாத மச்சினிக்கு அது எதற்கு, நம் பெயருக்கு எழுதிக் கொடு என்று அப்பா நாலு வருசம் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். கிணறு கெட்டால் தோட்டத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார். மறுநாள் ஊரே அங்கே குடத்தோடு போகப்போவது அவருக்குத் தெரியாது. அன்று கோவில்பட்டிச் சந்தைக்குப் போய் இருட்டித்தான் வந்தார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ராத்திரி மருந்து டப்பாவோடு அவர் கிணற்றுப் பக்கம் போனதை நான் பார்த்தேன். எனக்குப் பதினைந்து வயசு. விடிந்ததும் ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, இது வெளிய வந்தா உங்கப்பன் ஜெயிலுக்குப் போவான். எங்கக்கா ரெண்டு புள்ளையளோட தெருவுல நிப்பா. ஒன்னை எவன் கெட்டுவான்? நீ ஒண்ணையும் பாக்கல" என்றாள். அம்மன் மேல் சத்தியம் வாங்கினாள்.

நான் பார்க்கவில்லை. பதினெட்டு வருசம் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆச்சு, பிள்ளை பிறந்தது, கொடைக்குக் கொடை அப்பா தலையில் பரிவட்டம் கட்டினார்கள், நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். உன் மேல் இத்தனை கத்தினேனே, பாதி என் மேல் கத்த முடியாமல்தான்.

உமா


பெங்களூர்
4.7.2005

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

ஒரு மாதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். உன்னிடம் எனக்கு ஒரே கேள்வி. உன் வாயைப் பொத்தியது பதினைந்து வயசில். பிறகு இருபத்தைந்து வந்தது, முப்பது வந்தது. அம்மா சாகக் கிடந்தபோதாவது அவள் காதில் சொல்லியிருக்கலாமே. தங்கச்சியை வெறுத்துக்கொண்டே போனாளே. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், நம் வீட்டில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "1987இல கிணத்துல என்ன ஊத்துனீய?" என்றேன். வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை.

விளையாட்டு என்ன ஆச்சு என்று கேட்பாய். நான் புதிதாக எழுதிக் கொடுத்தேன். ஊற்றில் விசம். அதனால்தான் வெயிலா கொட்டுகிறாள். அவளை வெட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தால் விளையாடுகிறவன் செத்துப்போவான். வெட்டாமல் நின்று 'ஏன்' என்று கேட்டால் அவள் சொல்லுவாள். கேட்பதற்கு ஒரே ஒரு பட்டன் வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். விளையாட்டுக்குப் பணம் போடுகிற வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு வரியில் பதில் போட்டார்கள். வில்லியிடம் பேச யாரும் விளையாட்டு வாங்குவதில்லையாம். ஆனால் நோக்கம் பலவீனமாக இருப்பதை ஒத்துக்கொண்டார்களாம். ஆகவே புது நோக்கம்: அரசன் அவளைக் கல்யாணம் செய்ய மறுத்துவிட்டான். டீம் லீடர் என் முதுகில் தட்டி, "பாத்தியா, உன்னாலதான் அவளுக்குக் கதை கிடைச்சுது" என்றார். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைச் சுவரில் எறிந்தேன். வேலை போகவில்லை, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

முகத்தையும் பெயரையும் மட்டும் எடுக்க விட்டார்கள். இப்போது வேறு ஒரு முகம். அதுவும் யாருக்கோ சித்தியாகத்தான் இருக்கும்.

தீபாவளிக்கு வருகிறேன். அதுவரை எதுவும் செய்யாதே. நேரில் பேசுவோம்.

இசக்கிராஜா


காடையூரணி
12.8.2005

தம்பிக்கு,

தீபாவளி வரை பொறு என்கிறாய். பொறுக்கிறது உனக்குச் சுலபம்.

செவ்வாய்க்கிழமை ஆடிக் கொடை. காலையில் சித்தி தோட்டத்துக்குப் போய் அவளுக்குத் தெரியாமல் கிணற்றில் ஒரு குடம் எடுத்து, வேப்பிலை செருகி, மற்ற குடங்களோடு வரிசையில் போய் நின்றேன். பாண்டியம்மாள் மதினிதான் முதலில் பார்த்தாள். "ஏட்டி உமா, இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்றாள். சித்தி கிணற்றுத் தண்ணீர் என்றேன். மேளம் நின்றுபோச்சு.

அப்பா பரிவட்டத்தோடு அம்மனுக்கு முன்னால் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, ஆடு, சத்தியம், இன்ஜின். கடைசியில், "இந்தக் கூட்டத்துல இருபது வயசு தாண்டுன ஒவ்வொருத்தரும் அவ போட்ட பிச்சையிலதான் உசிரோட நிக்கிய" என்றேன். அப்பாவிடம், "இல்லைன்னா இல்லைன்னு அம்மன் முன்னால சொல்லுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாட்டாமையைப் பார்த்து, "புள்ளைக்குப் புத்தி பெரண்டுபோச்சு, கூட்டிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் தம்பி. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. "அவளும் இவளும் சேந்து தோட்டத்துக்கு அடி போடுதாளுவ" என்று ஒருத்தன். "பதினெட்டு வருசம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தா?" என்று இன்னொருத்தி. அதையேதான் நீயும் கேட்டாய். என் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கிக் கோயிலுக்கு வெளியே கொட்டினார்கள்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சாயங்காலம், "மாமா வீட்டுல இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா?" என்று கேட்டார். அவருக்கு அந்தக் கவலை. பிரித்திகாவைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். சித்தி கதவைத் திறந்தாள், சோறு போட்டாள், இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உமா


காடையூரணி
17.8.2005

(மாமா, ஆச்சி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். பிரித்திகா.)

ஏலே இசக்கிராஜா,

நல்லா இருக்கியா. நான் எப்படி இருக்கேன்னு நீ இதுவரைக்கும் கேட்டதில்ல, அதனால சொல்லல.

ஒங்கக்கா மேல எனக்கு ஆத்திரம் தீரல. எவ வாழணும்னு நான் வாயக் கட்டுனேனோ அவளே போயி எல்லார் முன்னாலயும் ஒடச்சிட்டா. அவ புருசனும் வேண்டாம், வீடும் வேண்டாம்னு இங்கன வந்து குத்த வச்சிருக்கா. இதுக்கா நான் அக்காகூட பேசாம, அவ செத்த மூஞ்சியக் கிட்ட நின்னு பாக்காம இருந்தேன்? எட்டு நாளா அவகிட்ட பேசல. இன்னைக்குத்தான் பேசுனேன். "போட்டி, பேப்பர எடு, ஒன் தம்பிக்கு எழுதணும்"னேன். அவ அழுதுட்டா, அதான் இவ எழுதுதா.

ஒன் வெளையாட்டப் பத்தி இந்தப் புள்ள சொல்லிச்சு. ஒருத்தி தண்ணியக் கொட்டுதாளாம். ஏன் கொட்டுதான்னு கேக்காம வெட்டணுமாம். வெட்டுனா பாயிண்டு குடுப்பாவளாம். இதுக்கு எதுக்குலே கம்ப்யூட்டரு? நம்ம ஊர்ல கரண்டு இல்லாத காலத்துலருந்தே இத வெளையாடுதாவ.

நான் ஒன்னை அடிச்சத நெனச்சு வருத்தப்படல. இன்னும் ரெண்டு போட்டிருப்பேன், நீ ஓடிட்ட. மூணாம் நாள் எறச்சு முடிச்ச ராத்திரி ஒனக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு ஒங்க வாசலுக்கு வந்தேன். ஒங்கம்மா கதவச் சாத்துனா. அதுகூட எனக்குப் பெரிசில்ல. நீ வளந்த, பேண்டு போட்ட, பெங்களூரு போன. லீவுக்கு வரும்போதெல்லாம் என் வீட்டத் தாண்டித்தான் பஸ் ஏறப் போன. ஒரு நாள் நின்னு, "சித்தி, என்னத்துக்கு அன்னைக்கு என்ன அடிச்ச?"ன்னு கேட்டியாலே? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனா, பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனா ஒருத்தன் கேட்டாம்னு இருந்திருக்கும்.

இப்ப ஒங்கக்காவப் பாத்தா ஊர்ல புள்ளையள வீட்டுக்குள்ள இழுத்துக்கிடுதாவ. அப்பன் சொத்துக்குப் பேயா அலையுதாளாம். நான் ஒருத்தி இதத் தாங்குனது போதும், அவளுக்கு வேண்டாம்.

மன்னாப்புக் கேட்டு எழுதிராத. எனக்கு ஒண்ணு வேணும். வார செவ்வாக்கெழம கோயில்ல ஊர்க்கூட்டம். ஒங்கக்காவ வரச் சொல்லியிருக்காவ, மாப்புக் கேக்கணுமாம். நீ வந்து அவ பக்கத்துல நில்லு. நெத்தியக் காட்டு. எல்லார் முன்னாலயும் ஒங்கப்பனக் கேளு.

நான் சொன்னா அது சூனியக்காரி பேச்சு. அவ சொன்னா அது சொத்துப் பேச்சு. அதையே நீ சொன்னா, "ஆம்பளப் புள்ள சொல்லுதான், விசயம் இருக்கும்லே"ன்னு காதக் குடுப்பாவ. மருந்து குடிக்காம காப்பாத்துனது நான், பாத்துட்டு வந்து சொன்னது அவ, ரெண்டு பேரு சொல்லும் ஏறல, வரைஞ்சுக்கிட்டு இருந்தவன் சொல்லு ஏறும். அத நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. எரிஞ்சாலும் வா.

விலக்குல பஸ்ஸ விட்டு எறங்குனதும் ஒங்கப்பன் வீட்டுக்குப் போவாத. நேரா கோயிலுக்கு வா. காலையில பத்து மணிக்குக் கூடுதாவ.

ஒன் சித்தி
வெயிலுகந்தம்மாள்